சர்ச் கோபுரத்தில் நோக்குகுத்தி

திருவனந்தபுரத்தில் ஒரு படக் கண்காட்சியில் ஆணி அடிக்கவும் படம் தூக்கவும் நின்றேன். அப்போது படுக்கை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில். கண்காட்சி நடத்திய சேச்சி, "பத்து நாள் ஒழுங்கா நின்னா நிரந்தரமா எடுக்கேன், பின்னால அறையும் உண்டு. ஆனா படம் பாக்க வாறவங்ககிட்ட வாயத் தொறக்கப்பிடாது" என்று சொல்லியிருந்தார். ஒன்பது நாள் ஊமையாக நின்றேன்.

பத்தாம் நாள் ஒரு பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். பாதி கட்டிய சர்ச் ஒன்றின் கல்லச்சுப் படத்தின் முன் நின்றார்கள். கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுத்தது. சாரம், ஏணி, கூரையில்லாத கோபுரம். உச்சியில் கைகளை விரித்துத் தலை தொங்கிய ஓர் உருவம்.

"ஏணி என்பது பிரார்த்தனை. கூரை இல்லாதது காத்திருப்பு" என்றார் பேராசிரியர். அந்த விளக்கம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. "மேலே கிறிஸ்து. சபை கட்டி முடியும்வரை சிலுவையை விட்டு இறங்காதவர்."

எட்டிப் பார்த்தேன். கிறிஸ்துவுக்கு முறுக்கு மீசை. தலை ஒரு மண்பானை. கால்சட்டைக்குள்ளிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

புதுக் கட்டடத்துக்குக் கண்ணேறு படாமலிருக்க நிறுத்துகிற பொம்மை அது. இங்கே நோக்குகுத்தி என்பார்கள். பாறசாலைப் பக்கம் ஒரு சர்ச் வேலையில் நானே ஒன்று கட்டினேன். என்னிடமிருந்த இரண்டு சட்டையில் ஒன்று அதற்குப் போயிற்று. போதகர் பார்த்துவிட்டுக் கொதித்தார். "ஆண்டவர் வீட்டுக்கு எவன்டே கண்ணு வைப்பான்?"

"காக்கா வெரட்ட வச்சதாக்கும், போதகரே" என்றார் மேஸ்திரி. அவர் அதே சபையின் கமிட்டி மெம்பர்.

அது நினைவு வந்ததும் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்தேன். மூக்கு வழியாக வந்துவிட்டது.

"என்ன?" என்று திரும்பினார் பேராசிரியர்.

"சாரே, அது நோக்குகுத்தியாக்கும்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தில் மூக்கு இடிக்கக் குனிந்தார். பக்கத்திலிருந்த மாணவி கத்தினாள்: "ஐயோ சாரே, மீசை!" வாய்விட்டு முதலில் சிரித்தவர் பேராசிரியர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சேச்சி என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனார். "நாளையிலேருந்து நீ..." என்று தொடங்கினார், உதடு துடித்தது. மறுபடி, "நாளையிலேருந்து..." மூன்றாவது தடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பில் தோள் குலுங்கியது.

வர வேண்டாம் என்று யாரும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. மறுநாள் பையைக் கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்தேன்.