சாவி மட்டும் இருக்குங்க

அந்த ஆறு வினாடி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்தும் இருப்பீர்கள். தலை கலைந்த ஒரு பெண் கேமராவுக்கு முன்னால் சாவியைத் தூக்கிக் காட்டி, "சாவி மட்டும் இருக்குங்க" என்பாள். அவள் எங்கள் சலவைக்கூடத்து அக்கா. பெரிய ஓட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகள் எங்களிடம்தான் வரும். அவள் இஸ்திரி போட்டு நீட்டுவாள், நான் வாங்கி மடிப்பேன். பதினோரு வருஷமாக இதே வேலை.

அவள் புருஷனுக்குப் பக்கவாதம் வந்து போனதிலிருந்து புத்தி நிலையில் இல்லை. கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். ஒருமுறை லாரிகளுக்கு நடுவே நின்றவரை இழுத்து வந்தோம். அதன் பிறகு அக்கா வெளியே பூட்டிவிட்டு வேலைக்கு வருவாள், மத்தியானம் ஓடிப்போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டுத் திரும்புவாள். வீட்டில் சுவிட்ச் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரரிடம் மூன்று தடவை போய்ச் சொன்னாள். மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார் அந்த மகராசன்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு வீடு பற்றிக்கொண்டது. அக்கா கையில் சாவியோடு ஓடினாள். தெருமுனையிலேயே தடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு டிவிக்காரன் மைக்கை நீட்டி, "வீட்டுலேர்ந்து என்னம்மா எடுத்தீங்க?" என்று கேட்டான். அவள் சொன்னது இதுதான்: "சாவி மட்டும் இருக்குங்க. அவரு உள்ள இருக்காரு, யாராவது தொறந்து விடுங்க."

எந்தப் புண்ணியவானோ பின்பாதியை வெட்டிவிட்டான். முன்பாதிக்குத் தாளம் போட்டான் இன்னொருவன். டிவி காமெடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? பர்ஸ் காலியானால் அதே வசனம். தலையில் முடி கொட்டினால் அதே வசனம். பஸ்ஸில் சில்லறை கேட்டால் கண்டக்டர் சாவி ஆட்டுவதுபோல விரலை ஆட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள்கூட டிபன் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிச் சொன்னாள். முதுகில் ஓர் அறை விட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரியும். தெரிந்தும், சலவைக்கூடத்தில் அதை முதலில் சொன்ன வாய் என்னுடையதுதான். அக்கா இன்னும் வேலைக்குத் திரும்பாத நாட்கள். சோப்புத்தூள் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தேன், காலி. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் திரும்பி வந்தபோது அங்கே அவளுக்குச் சாவியக்கா என்று பேரே வைத்தாகிவிட்டது. கேட்டும் கேட்காதவள் மாதிரி இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை வந்தது. அவர் செத்தது வீட்டுச் சொந்தக்காரரின் அலட்சியத்தாலா, பூட்டிவிட்டுப் போன பெண்டாட்டியாலா என்பதுதான் கேள்வி. "நீ வந்து சொல்லுவேல்ல?" என்றாள் அக்கா. "சொல்லாம விட்டுருவேனாக்கா" என்றேன். முந்தின நாள் ராத்திரியே என்ன பேசுவது என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

சின்ன அறை. அதிகாரி, தட்டச்சு பண்ணும் குமாஸ்தா, சுவரோரம் அக்கம்பக்கத்து ஆட்கள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"வெளியில பூட்டினது யாரும்மா?"

"நான்தாங்க. அவரு ரோட்டுக்குப் போயிருவாருங்க."

"அந்தச் சாவி இருக்கா?"

அக்கா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். வீடியோவில் காட்டிய அதே மாதிரி. குமாஸ்தா மெஷினைப் பார்த்தபடியே, "சாவி மட்டும் இருக்குங்க" என்று முணுமுணுத்தான். சுவரோரம் குபீரென்று சிரிப்பு எழுந்தது. அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபைலுக்குள் குனிந்தார்.

நானும் சிரித்தேன். வேண்டுமென்று இல்லை. கொட்டாவி தொற்றிக்கொள்வதுபோல வந்துவிட்டது.

"சுவிட்ச் பெட்டி பத்தி முன்னாடியே சொன்னதா எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்க சொன்னப்ப கூட யாராவது இருந்தாங்களா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். சிரித்த வாயை மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை போலிருக்கிறது. சாவியைத் திரும்பக் கைக்குட்டையில் வைத்து முடிந்தாள்.

"யாரும் இல்லைங்க" என்றாள்.

எழுந்து, நான் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எழவில்லை. மனைவியின் கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

இப்போதும் அவள் இஸ்திரி போடுகிறாள், நான் மடிக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நேற்றும் விரிப்பின் இரண்டு முனையை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.