கையெழுத்தில்லாத தாள்

மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள் நான். வேலையிலிருந்து நின்று, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்த சேமலாபப் பணம் கைக்கு வந்த வருடம் செய்யவிருந்த தவறை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

என் மருமகன் பசறை நெட் கடையிலிருந்து ஒரு தாளை அச்செடுத்து வந்தார். பங்கு வாங்குகிறவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் இடத்தில் வந்ததாம். ஒரு கம்பெனியின் பங்கு மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் என்று இருந்தது. எங்கள் தோட்டத்து ஆபீஸ் பலகையில் டைப் அடித்து ஒட்டினால் அது உண்மையாகத்தான் இருக்கும். இதையும் அப்படியே நம்பினேன்.

பதுளையில் பங்குத் தரகர் அலுவலகம். என் மொத்தப் பணத்துக்கும் படிவம் நிரப்பியாயிற்று. பேனா என் கையில். அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் அந்தத் தாளைப் பார்த்தார்.

“இதை எழுதினது ஆர், அம்மா?”

“சிங்கம்னு ஒருத்தரு சார். பெரிய ஆளு,” என்றார் மருமகன்.

“ஆளைத் தெரியுமோ?”

“நெட்ல யாரு சார் சொந்தப் பேரு போடுவாங்க?”

பலகைத் தாளில் தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்து இருக்கும். பொய்யென்றால் எல்லோரும் அவர் பங்களா வாசலில் போய் நிற்போம். இந்தச் சிங்கத்தின் வாசல் எங்கே? மருமகனை எதிர்த்து நான் பேசியதே இல்லை.

“போடுங்க அத்த, எல்லாரும் பாக்குறாங்க.”

“வேணாங்க மாப்புள.” எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பங்கு ஏறியதா, இறங்கியதா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. ஏறியது என்று தெரிந்தால், அடுத்த தடவை “வேணாம்” சொல்ல வாய் வருமோ என்னவோ.