அப்பாவுவின் பூச்சிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் கழிவுநீர் நிலையம் பதினான்கு வருடமாக அப்பாவுவின் பொறுப்பில் இருந்தது. அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்வது தொட்டியில் வாழும் பாக்டீரியா. ஆபரேட்டர்கள் அதைப் பூச்சி என்பார்கள். வரும் கழிவுதான் அதற்குத் தீனி; அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நுரை கிளம்பும், நாறும். அப்போது அப்பாவு கழிவுநீரை நிறுத்திவிட்டு வெல்லமும் யூரியாவும் கரைத்து ஊற்றுவார். பிறகு காத்திருப்பார்.

2007இல் அவர் மகள் ரம்யாவுக்குப் பதினொரு வயது. எட்டு மாதமாக மலத்தில் ரத்தம். உடம்புச் சூடு என்று இளநீரும் மோரும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை இருபத்திமூன்று கிலோவில் நின்றுவிட்டது. சென்னை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரோன் நோய் என்றார். எல்லார் குடலிலும் பாக்டீரியா உண்டு. இவள் உடம்பு அவற்றோடு சண்டை போட்டுத் தன் குடலையே புண்ணாக்குகிறது. ஏன் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. எட்டு வாரம் டின்னில் வரும் மருத்துவச் சத்துப்பவுடர் கரைத்த பால் மட்டும் குடிக்க வேண்டும், ஒரு பருக்கை சோறு கூடாது. கேட்கவில்லை என்றால் ஸ்டீராய்டு. அதில் வளர்ச்சி தடைபடலாம்.

“தீனிய மாத்துறீங்க,” என்றார் அப்பாவு.

டாக்டர் நிமிர்ந்தார். “என்ன வேலை பாக்குறீங்க?”

வீட்டில் மனைவி குணசுந்தரியிடம் அவர் சுருக்கமாகச் சொன்னார்: “வயித்துல கீற பூச்சிக்கும் பொண்ணுக்கும் சண்டை. அவ்ளோதான்.”

அதுதான் தப்பாயிற்று. பால் தொடங்கிய பத்தாம் நாள் ரம்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மறுபடி ரத்தம். மிக்சி ஜாரில் வேப்பங்கொழுந்து அரைத்த பச்சை.

“இன்னாமே குடுத்த?”

“பூச்சி மருந்து. நீதானேயா பூச்சின்னு சொன்ன!”

“அது வேற பூச்சி!”

“பூச்சில இன்னாயா வேற? கொல்லாம கொஞ்சுவாங்களா?”

சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த ரம்யா, “நைனா கொஞ்சுவாரு. டூட்டில அதான் வேல,” என்றாள்.

டாக்டர் போனில் ஒரு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் ரத்தம் நிற்காவிட்டால் ஸ்டீராய்டுதான்.

மறுநாள் அப்பாவு கேட் பாஸ் வாங்கிக் குணசுந்தரியைத் தொட்டிக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக் குழாயில் ஒரு லிட்டர் மொண்டு வைத்தார். அரை மணியில் பழுப்பு கீழே படிந்தது, மேலே தண்ணீர் தெளிந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள்.

“மண்ணு வாசனதான்யா வருது.”

“இதுங்கதான் பூச்சி. போன வருசம் எவனோ பிளீச்சிங் பவுடர கொட்டிட்டான். எல்லாம் செத்துப் போச்சு. சரியாவ ஒரு மாசம்.”

“நீ இன்னா பண்ண?”

“தீனிய சரியா ஊத்திட்டு சும்மா இருந்தேன்.”

“சும்மாவா?”

“அதான்மே கஷ்டம்.”

அதற்குப் பின் பால் கரைக்கும் வேலையை வேறு யாருக்கும் அவள் விடவில்லை. ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. ஆடி மாதம் எதிர்வீட்டுக் கெங்கம்மாள் கூழ்ச் செம்போடு வந்து, “இதுவும் தண்ணி மாரிதானம்மா, அம்மனுக்கு ஊத்துனது,” என்றாள். குணசுந்தரி வாசலிலேயே கைகூப்பினாள். “ஆத்தா கோச்சிக்கமாட்டா. எங்க ஊட்டுப் பூச்சிக்கு ஆவாது.”

எட்டாவது வாரம் எடை இருபத்தாறு. நோய் போய்விடவில்லை, மாத்திரை தொடரும், திரும்பவும் வரலாம் என்றார் டாக்டர்.

“எங்க கழிவுநீர் பிளான்டும் அப்டித்தான் சார். தெனமும் பாத்துக்கினே இருக்கணும்.”

மறுநாள் காலை ரம்யா ஒரு இட்லி தின்றாள். குணசுந்தரி எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி ஆனதும் கேட்டாள்:

“வலிக்குதா?”

“இல்லம்மா. இன்னொண்ணு வை.”