எட்டாம் வகுப்பு மட்டும்

குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில் தினமும் மூன்று பேப்பர் வாங்குவார்கள். அருவிக்குப் போய்வந்தவர்கள் அதை விரித்து மேலே ஈரத் துண்டைப் போட்டுவிடுவார்கள் என்பதால், காலையில் ரிசப்ஷனில் உட்கார்ந்த கையோடு மாவட்டச் செய்திப் பக்கத்தை உருவி வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட செய்தி எதுவானாலும் படம் பிடித்து எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மாணவர் சேர்க்கை என்றைக்குத் தொடங்குகிறது, இலவச சைக்கிள் எந்தப் பள்ளிக்கு வந்திருக்கிறது, உதவித்தொகைத் தேர்வுக்குக் கடைசி நாள் எது, எல்லாம் என் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். மழை பிடித்துக்கொண்டால் லீவு உண்டா என்று கேட்டு விடிந்ததும் பத்துப் போன் வரும். அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை வைத்திருக்கும் என் கணவர், கலெக்டருக்கே நான்தான் லீவு விடச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவளுக்கு அது ஒரு பதவி மாதிரி.

எங்களுக்கு ஒரே மகள். டாக்டராக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லத் தொடங்கினாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதானே என்று நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் விடுகிற மாதிரி இல்லை. ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத இடத்தைத் தனியாக ஒதுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. வாசித்தேன், குழுவிலும் போட்டேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

கொரோனாவுக்காக மூடிய அவளுடைய அரசுப் பள்ளியைத் திரும்பத் திறந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. பூட்டியே கிடந்ததில் பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நான் கொடுத்துவிட்ட பாட்டில் அப்படியே நிறைந்து திரும்பி வரும். மறந்துவிட்டேன் என்பாள். ஒரு மாதம் ஆவதற்குள் நீர்க்கடுப்பு வந்து, குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம்.

“பிள்ள பகல் பூரா அடக்கி வைக்கா. இப்பிடியே விட்டா கிட்னிக்குத்தான் கேடு” என்றார்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். போகும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். தலைமையாசிரியை நிதானமாகப் பேசுகிறவர். மனு எழுதிப் போட்டிருப்பதாகவும், பணம் ஒதுக்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறையைச் சரி பண்ணிவிடுவதாகவும் சொன்னார்.

“கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கம்மா.”

“நான் பொறுப்பேன் டீச்சர். எம் மக ஒடம்பு பொறுக்காது. டி.சி. குடுங்க.”

எங்கே சேர்க்கப் போகிறேன் என்று கேட்டார். எங்கள் தெருமுனையிலேயே இருக்கும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் என்றேன்.

“அங்கன வேண்டாம்மா. பிள்ள டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுதா. எய்டட் ஸ்கூல்ல ஒரு வருசம் படிச்சாலும் அந்த ஏழரை சதவீதத்துல வர மாட்டா. தென்காசியில வேற கவர்மென்ட் ஸ்கூல் இருக்கு. நானே போன் பண்ணிச் சொல்லுதேன், அங்க சேருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே பள்ளிக்கூடச் செய்தி சொல்கிறாரே என்று.

“அந்தப் பள்ளிக்கும் அரசாங்கந்தான் சம்பளம் குடுக்கு. புஸ்தகம் குடுக்கு. சத்துணவு போடுது. அப்புறம் அது கவர்மென்ட் இல்லாம என்ன டீச்சர்? ஒங்களுக்குப் பிள்ளைக எண்ணிக்கை கொறையுதேன்னு கவல. எனக்குத் தெரியாதா?”

பக்கத்து மேசையில் டி.சி. எழுதிக்கொண்டிருந்த கிளார்க் தலையை உயர்த்திப் பார்த்தார். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். தென்காசிப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது சரியா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஊருக்கே சொல்கிறவள் போய் யாரிடம் கேட்பது? அவர் சொன்னதை என் கணவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

புதுப் பள்ளியில் அவள் தண்ணீர் குடித்தாள், காய்ச்சல் வரவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அங்கே எட்டாம் வகுப்போடு சரி என்பதால் ஒன்பதுக்குப் பழைய பள்ளிக்கே திரும்பினாள். அதற்குள் அங்கே புதுக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியை ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு நாள் பேப்பரின் ஓரத்தில் நாலே வரியில் ஒரு செய்தி. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களையும் இந்த ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும் என்று யாரோ கோரிக்கை வைத்திருந்தார்கள். சேர்க்க வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள் என்றால், இதுவரை சேர்க்கவில்லை என்றுதானே அர்த்தம். ரூம் சாவி கேட்டு வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். அந்தச் செய்தியை மட்டும் நான் குழுவில் போடவில்லை. பேப்பரை மடித்துப் பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் செருகினேன். எப்படியும் இரண்டு வருஷத்தில் விதியை மாற்றிவிடுவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீட்டில் அவள் நீட் தேர்வுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது காபி கொண்டுபோய் வைப்பேன். நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தைரியம் இல்லை.

நீட் முடிவு வந்தது. பொதுப் போட்டியில் கிடைக்காது, ஆனால் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் தாராளமாகக் கிடைக்கும் என்று அவளுடைய ஆசிரியர்கள் சொன்னார்கள். என் கணவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ரம்புட்டான் சும்மா கொடுத்தார். விதி மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

கலந்தாய்வு விண்ணப்பத்தோடு, ஒவ்வொரு வகுப்பும் எங்கே படித்தாள் என்ற சான்றை இணைக்க வேண்டும். அதை வாங்க அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் அதே கிளார்க். ஆறு, ஏழு என்று எழுதிவிட்டுக் கேட்டார்.

“எட்டாம் வகுப்பு எங்க படிச்ச பாப்பா?”

சொன்னாள். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

“அது எய்டட்லா. இதுல சேராதே.”

“அது பாதி வருசந்தான சார்” என்றாள் மகள்.

“பாதி நாளுன்னாலும் முடியாதும்மா. கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு.” பிறகு என்னைப் பார்த்தார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். “பெரிய டீச்சர் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கள்லா. நீங்கதான் கேக்கல.”

மகள் என் பக்கம் திரும்பினாள்.

“எம்மா, டீச்சர் என்ன சொன்னாங்க?”

நான் மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?”

எங்களுக்குப் பின்னால் சான்றுக்காக இரண்டு தகப்பன்மார் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. தப்பு என் பேரில் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். அது என் பிறவிக் குணம்.

“எல்லாம் யாருக்காகடி பண்ணேன்? மத்த பிள்ளைகல்லாம் அங்கனதான இருந்துச்சு? அவளுகளுக்கு ஒண்ணும் ஆகலியே. நீ ஒருத்திதான் மூத்திரத்த அடக்கி வச்சுப் படுத்துக்கிட்ட. நாலு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு இப்பிடி நிப்பியா?”

கிளார்க் குனிந்துகொண்டார். என் மகள் அழவில்லை. மேசையில் இருந்த தாளை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். “வாரேன் சார்” என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “பிள்ளைய ஏன் அப்பிடிக் கேட்ட?” என்றார். டி.சி. வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை அவள் அறை வாசல் வரைக்கும் போனேன். “படிக்கேன்” என்றாள். படிக்க அப்போது அவளுக்கு ஒன்றும் இல்லை.

கலந்தாய்வு முடிந்த மறுநாள் பேப்பரில் மருத்துவ இடம் கிடைத்த அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் படம் வந்தது, இனிப்பு ஊட்டுகிற மாதிரி. மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். என் மகளுடையதைவிடக் குறைவு. அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பிறகு நர்சிங், பார்மசி, விவசாயப் படிப்பு என்று எந்தச் சேர்க்கைச் செய்தி வந்தாலும் வெட்டி அவள் மேசையில் வைத்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த வருஷம் திரும்ப எழுதலாமே என்று அவள் அப்பாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றாளாம். என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பாடு போடுங்க, குடை எங்க, கதவப் பூட்டிக்கிடுங்க, இதெல்லாம் பேசுவாள். போன வருஷம் நான் சேர்த்துவிட்டிருந்த தெருக் குழுவிலிருந்து அவள் எப்போது விலகினாள் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், லாட்ஜில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன் பண்ணினாள்.

“யக்கா, ஒங்க மக காலேஜ்ல சேந்துட்டாளாமே. அப்பாவக் கூட்டிட்டுப் போயி இன்னைக்குத்தான் சேந்தாளாம். ஊரு செய்தியெல்லாம் போடுதீய, இதச் சொல்லவே இல்லியே?”

“வேலையில மறந்துட்டேன்” என்றேன்.

எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவளாகவே சொல்லட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.