சிவக்காத குழிகள்

ஆயுதபூசைக்கு முந்திய மாலை, திருக்காட்டுப்பள்ளி வைரக்கண்ணுவின் மகள் பிரகதீஸ்வரி, தஞ்சாவூரில் தான் பயிலும் ஆய்வுக்கூடத்தின் கருவிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி படுமுன் மின்சாரத்தை நிறுத்துவது அவள் வீட்டுப் பழக்கம். வயல் மோட்டாருக்கும் அதுதான். ஃப்ரீசரின் பிளக்கையும் பிடுங்கிவிட்டே துடைத்தாள். சந்தனம் தீற்றிக் குங்குமம் இட்டாள், மாவிலை கட்டினாள். நெறியாளர் மதிவாணன் கற்பூரம் காட்டினார். பொரியும் கடலையும் பகிர்ந்தார்கள். கலைமகளின் திருமுன் வைத்த கருவிகளை விசயதசமி கழியும்வரை தொடலாகாது என்பது முறை. கூடத்தைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஊர் போனார்கள். பிளக் தரையிலேயே கிடந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தவள் அவளே. ஃப்ரீசரின் காலடியில் நீர் தேங்கியிருந்தது. பிளக்கைச் செருகி, பிறர் வருமுன் தரையைத் துடைத்தாள். உள்ளே அவளுடைய சிறு குப்பிகளில் உறைந்திருந்த புரதம் உருகித் தெளிந்திருந்தது.

நோய்க்கிருமி வந்ததென்று மற்ற உயிரணுக்களுக்கு அறிவிக்க எலியின் நோய் எதிர்ப்பு உயிரணு சுரக்கும் புரதம் அது. எலியிடமிருந்து எடுத்ததன்று; எலியின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் பொருத்தி விளைவித்தது. பனிக்கட்டி சூழக் கடல் கடந்து வந்தது. மறுபடி வரவழைக்க மாதங்கள் ஆகும். அதை ஊற்றினால் தட்டில் வளரும் எலியணுக்கள் வெகுண்டெழும். பிறகு இடும் சாயத்தில் தட்டின் குழிகள் இளஞ்சிவப்பாகும். நொச்சியிலைச் சாறு சேர்த்தால் அச்சீற்றம் தணிந்து சிவப்பு மங்கும் என்பதே அவள் ஆய்வு. அந்த அணுக்களுக்கு இரையிட வேண்டியே அவள் ஆண்டுக்கணக்காக ஞாயிற்றுக்கிழமையும் பேருந்து ஏறினாள். வீட்டில் நடவு நடக்கும் நாளிலும் இங்கே இருந்தாள். இந்தப் பூசை விடுமுறைக்கு மட்டும் இரையை முன்கூட்டியே இட்டுவிட்டுப் போயிருந்தாள்.

ஆய்வேட்டுக்கு எஞ்சியது ஒரே ஒரு சோதனை. உருகிய புரதத்தைக் கொண்டே அதைச் செய்தாள். சாறு சேர்த்த தட்டு சிவக்கவில்லை. ஒப்பிட வைத்த, சாறே சேராததால் சிவந்தே ஆகவேண்டிய சாட்சித் தட்டும் சிவக்கவில்லை. புரதம் செத்திருந்தது.

சாட்சித் தட்டை அவள் இன்னும் மேசைக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. அதற்குள் மதிவாணன் வந்து மேசைமேல் இருந்த மற்றதைக் கண்டார். முன்பெல்லாம் சிவப்பு மங்க மட்டுமே செய்தது.

"இந்தத் தடவை அறவே அடங்கிடுச்சேம்மா. சாயங்காலத்துக்குள்ள படத்தை அனுப்பிடு. நான் போறதுக்குள்ள உன்னைக் கரையேத்திடறேன்."

தையில் அவர் பணி ஓய்வு பெறுகிறார். அதே தையில்தான் அவளுக்கு முகூர்த்தம் பார்த்திருந்தார்கள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகே கழுத்தை நீட்டுவேன் என்று சொன்னவள் அவள்தான். நண்பகலில் தாய் அகிலாண்டம் அழைத்தாள்.

"பாப்பா, பத்திரிகை அடிக்கலாமான்னு மாப்ள வீட்ல கேக்குறாங்க. அவரு சிங்கப்பூர்ல லீவு சொல்லணுமாம்."

சாயங்காலம் சொல்வதாகக் கூறி வைத்தாள். கணினியில் முந்திய சோதனையின் சாட்சித் தட்டுப் படம் இளஞ்சிவப்பாய் இருந்தது. அதை இதனோடு ஒட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், எவரும் அறியார். சொன்னால், இத்தனை ஆண்டும் இருந்த இந்த அறைக்குள் இன்னும் எத்தனை காலமோ. கைவிரல் விசைமேல் நெடுநேரம் கிடந்தது. நிமிர்ந்தபோது ஃப்ரீசரின் நெற்றியில் தான் இட்ட பொட்டைக் கண்டாள். கலைமகளைத் தொழுத இடத்தில் பழைய படத்தைப் புதியதென்று வைக்க அவளால் இயலவில்லை.

சாட்சித் தட்டை எடுத்துக்கொண்டு நெறியாளர் அறைக்குப் போனாள்.

"சார், இது சாறே போடாத தட்டு."

அவர் அதைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பூசைக்குத் தொடைக்கிறப்ப நான்தான் பிளக்கைப் புடுங்கினேன். திரும்பச் சொருகலை."

"கற்பூரம் காட்டுனவன் நான். நானும்தான் பாக்கலை." தட்டை மேசைமேல் வைத்தார். "புதுப் புரதத்துக்கு இன்னிக்கே எழுதிப் போடுறேன். ஆனா அது வந்து சேர்றப்ப இந்த நாற்காலில நான் இருக்க மாட்டேன். வர்றவரு உன் நொச்சியைத் தொடுவாரோ என்னமோ."

"தெரியும் சார்."

தாழ்வாரத்துக்கு வந்து தாயை அழைத்தாள்.

"பத்திரிகை இப்ப வேணாம்மா."

அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு," என்று சொல்லி அகிலாண்டம் வைத்துவிட்டாள்.

பிரகதீஸ்வரி உள்ளே போய்க் குப்பிகளைக் கழிவுப்பையில் இட்டாள். ஃப்ரீசரில் கட்டிய மாவிலை காய்ந்து சுருண்டிருந்தது. பிளக்கில் கை படாமல் அதை அவிழ்த்தெடுத்தாள். பிறகு, இரையிடும் நேரமாகிவிட்டதால், அணுக்களை வெளியே எடுத்தாள்.