பச்சை முகப்பு இன்ஜின்

சௌந்தரம் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி, இராஜபாளையம் மில்லில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வந்தது. பாக்கிங் பிரிவில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவருடைய ரயில் பித்து, அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும். தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய தகர இன்ஜின் ஒன்றை, செங்கோட்டை வண்டியை இழுக்கும் கரி இன்ஜினாகவே மாற்றிவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். உப்புத்தாளால் பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தார். நூல் சுற்றும் உடைந்த பாபினை அறுத்துப் புகைபோக்கி வைத்தார். "பொம்மைன்னு சொல்லாதல, கரி போட்டா ஓடிரும்" என்பார்.

அந்தச் சமயம் மில்லில் ஒரு வம்பு வந்தது. நூல் எவ்வளவு மெல்லியது என்ற நம்பர் தெரிவதற்காக, அதைச் சுற்றியிருக்கும் கோனின் நுனியில் நிறம் இருக்கும். நாற்பதுக்குச் சிவப்பு, அறுபதுக்குப் பச்சை. இரண்டும் ஒரே மூட்டையில் கலந்துபோய், தறிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மூட்டை கட்டிய மாரியம்மாள் மேல் பழி விழுந்தது. வேலைக்கு வராதே என்று அவளை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். இன்ஜின் தயாராக இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, முகப்புப் பட்டை மட்டும் பளபளவென்று பச்சை.

"அண்ணாச்சி, முகப்புல செவப்புல்லா அடிக்கணும்?"

"செவப்புதான அடிச்சிருக்கேன்."

"இது பச்சை, அண்ணாச்சி."

கேலி பேசுகிறேன் என்று நினைத்து டப்பாவை எடுத்துக் காட்டினார். அதில் ஒட்டியிருந்த தாள் உரிந்துபோயிருந்தது. மதினியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் பச்சை என்றார். அண்ணாச்சி டப்பாவைக் கீழே வைத்தார்.

"கூடை இருக்கிற எடத்த வச்சே கோனைப் பிரிச்சுப் பழகிட்டேன். அன்னைக்குக் கூடைய மாத்தி வச்சிருந்தாக. அப்போ கலந்துவிட்டது நான்தானல" என்றார்.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொல்லப் புறப்பட்டார். யாரும் கேட்காதபோது வலியப் போவானேன் என்று தடுத்தேன். "நெறந்தான் எனக்குத் தெரியல. மாரியம்மா யாருன்னு தெரியும்லா" என்றார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். அண்ணாச்சியைக் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். அந்தத் தூசிதான் வருடக்கணக்கில் அவர் நெஞ்சில் ஏறியது. அன்று பச்சை என்று சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் இன்னும் இருந்திருப்பாரோ என்ற நினைப்பு என்னை அரிக்கிறது. மாரியம்மாளைப் பார்த்தால், அப்படி நினைப்பதற்கே வெட்கமாகவும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எதையும் என்னிடம் கேட்டுத்தான் வாங்குவார். "ஏலே கணேசா, இந்தச் சேலை என்ன கலரு? ஒன் மதினி கட்டுவாளா?" அவர் கேட்டுக் கேட்டு, கண்ணில் படுவதன் நிறத்தை உடனே சொல்லிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். அவர் போன அன்று, பூமாலையை அவர் நெஞ்சில் வைத்துவிட்டு, "செவப்பு ரோசா, அண்ணாச்சி" என்றேன்.