நாகலூர்க் கடைகளுக்கு நான் போட்ட உத்தரவு

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரமே நாகலூரில் இருக்கிற கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "அவரு வந்து கேட்டா மிட்டாய், பன்னு, பிஸ்கட்டு எதையும் கண்ணுல காட்டாதீங்க. டீயில ஒரு துளி சக்கரை விழக்கூடாது. மீறிக் குடுத்தா உங்க கடை வாசல்ல வந்து உக்காந்துக்குவேன், பாத்துக்குங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊருக்கே தெரியுமாகையால் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை.

வீட்டிலும் என் ராஜ்ஜியம்தான். காலையில் ஒரு உருண்டை ராகிக் களியும் கீரையும். மத்தியானம் சாமைச் சோறு ஒன்றரைக் கரண்டி, பொரியல் வேண்டிய மட்டும். தோட்டத்துப் பலா பழுத்து மணம் வந்துவிட்டால் அன்றைக்கே அறுத்து அக்கம்பக்கத்துக்கு அனுப்பிவிடுவேன். அவர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். அத்தனை ஆளுக்கு வேலை சொல்கிற மனுசன், என் கரண்டி அடுத்து எப்போது சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவமாகத்தான் இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டேன். இதே நோயில் என் அப்பாவுக்கு ஒரு கால் போனது. கட்டு மாற்றியவள் நான். எனக்கு அந்தப் பயம் போகவே இல்லை.

பிறகு அவரை இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும், வியர்த்துக் கை நடுங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும், சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும் என்றார் டாக்டர். நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இனிப்பு தின்ன இவருக்கு டாக்டரே சாக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று எரிச்சல்தான் வந்தது. துவைக்கப் போட்ட சட்டையில் அந்த மிட்டாய்கள் கிடைத்ததும் எடுத்து அடுப்பில் போட்டேன்.

அன்றைக்கு மார்கழிப் பனி. எதிர்த்த வீடு தெரியவில்லை. ஊசி போட்டுக்கொண்டு களிக்காக உட்கார்ந்திருந்தவருக்கு எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. மரம் சாய்ந்து பாதை அடைத்துக்கொண்டதாம். அவசர அவசரமாகக் களியை டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். அதை எடுக்காமலே ஓடிவிட்டார். பாக்ஸ் மேசையில் இருந்ததைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஒரு வேளை பட்டினி கிடந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும், நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பஸ் ஸ்டாப் டீக்கடை பாய் போன் செய்தார்.

"ஏனுங்கக்கா, அண்ணன் வந்து சக்கரை போட்டு டீ கேக்கறாருங்க. நீங்க சொன்னபடி சக்கரை இல்லாமத்தான் குடுத்தேன். தள்ளி வெச்சுட்டு இன்னொண்ணு கேட்டாரு. அதுலயும் போடலீங்க. மேசையத் தட்டறாருங்க."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. எல்லாம் நடிப்பு. அழுதாலும் குடுக்காதீங்க."

"இல்லீங்கக்கா, பேச்சு ஒரு மாதிரி குழறுது. பனி இந்தப் போடு போடுது, அண்ணனுக்குச் சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சுங்க."

வேர்வை. மேசைமேல் டிபன் பாக்ஸ். "ஐயோ, குடுத்துருங்க பாய்! சக்கரையக் குடுங்க!" என்று கத்தினேன். கத்தியது அந்தப் பக்கம் போகவில்லை, போன் செத்திருந்தது. பனி இறங்கினால் எங்கள் பக்கம் டவர் இப்படித்தான். திரும்பப் போட்டேன். மறுபடியும் போட்டேன். மணியே அடிக்கவில்லை.

கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன். ரோட்டு வழி போனால் நேரமாகும் என்று காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிக் குறுக்கே ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. கிளைகள் முகத்தில் அடித்தன. அழுதாலும் கொடுக்காதீர்கள் என்று சொன்ன வாய் இது! பாய் சொன்ன சொல் மாறாதவர். நான் போய்ச் சேரும்வரை ஒரு சிட்டிகை சர்க்கரைகூடத் தரமாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஊரிலேயே நாணயமான கடைக்காரர் என்பதற்காக அன்றைக்கு அவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

அவர் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். முன்னால் ஆறிப்போன இரண்டு கிளாஸ் டீ. பாய் ஒரு கையால் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சர்க்கரை டப்பாவைத் தன் பக்கமே வைத்திருந்தார்.

"சக்கரையக் குடுங்க பாய்!"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவாங்கக்கா?"

அடக் கடவுளே! டப்பாவைப் பிடுங்கி, டம்ளர் தண்ணீரில் அள்ளிக் கொட்டி, விரலாலேயே கலக்கினேன். பாதி என் சேலையில் போனது. "முழுங்குங்க, கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க" என்று உதட்டில் வைத்தேன். முதல் மடக்கு தாடையில் வழிந்தது. இரண்டாவது உள்ளே இறங்கியது. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய், "நீங்கதானேங்கக்கா சொன்னீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நானேதான். வேறு யார்?

கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். ஆள் இன்னும் தெளியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற யாரையோ பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏம்புள்ள" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ வழியில் போகிற அம்மாளிடம் பேசுகிற மரியாதையோடு பேசினார்.

"நொம்பப் புண்ணியமுங்க. எங்க ஊட்ல மட்டும் இதச் சொல்லிராதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா... எனக்குப் பயமா இருக்குதுங்க."

"சொல்லலீங்க" என்றேன். "குடிங்க."